ஆவி பிடிக்காத கண்ணாடி

ஜனவரி 9, வெள்ளி

இந்தக் கொப்பியில் நான் எழுதப்போகும் கதையை ஒரு மனிதப் பிறவியும் நம்பப்போவதில்லை என்று, ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் தனிக்குடித்தனம் நடத்தும் பரராசசிங்கம் ஆகிய நான், சமையல் எண்ணெய்ப் போத்தலின்மேல் வலக்கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். ஆல்ப்ஸ் மலையில் இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது என்று பின்னாளில் யாராவது கேட்டால் இந்தக் கொப்பியைக் காட்டலாம். அது நான் விழுந்த இடமாக இருக்கும்.

நடந்தது இதுதான். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தங்கச்சி கௌரி போன் எடுத்தாள்.

"அண்ணா, பெப்ரவரியிலை ஒரு கிழமை மலைக்குப் போறம். வீடு எடுத்தாச்சு. ஆரணியைக் கட்டப்போற பெடியன் லூக்காசும் அவன்ர தாயும் வருகினம். நீங்களும் வரோணும்."

"நானோ? நான் அங்கை வந்து என்னத்தைப் பிடுங்க?"

"என்ன கதை உது? நீங்கள் இல்லாமல் எப்பிடி அண்ணா?"

முப்பத்தாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இதன் மலைகளைக் கலண்டரிலும் சொக்லேற் பெட்டியிலும்தான் பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று. தங்கச்சியின் மகள் ஆரணி ஏழு வயதில் பள்ளிக்கூடத்தால் பனியில் சறுக்கி ஓடும் ஸ்கீ முகாமுக்குப் போய்வந்து, என் மடியில் ஏறி இருந்து, "மாமா, நான் உங்களுக்குப் பழக்குவன்" என்றாள். நான் வாய் திறக்குமுன் கௌரி சொல்லிவிட்டாள்: "மாமாவுக்குக் கண்ணாடி, பிள்ளை. கண்ணாடியோட ஓடேலாது."

அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தின் அரசியல் யாப்பாகிவிட்டது. ஒவ்வொரு மாரிக்கும் அவர்கள் மலைக்குப் போனார்கள். நான் அவர்கள் வீட்டுப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

இப்போது ஆரணிக்கு இருபத்தேழு. ஆவணியில் கல்யாணம். தடை ஒரு கண்ணாடிதான் என்றால், கண்ணாடிக்கு மேலே போடக் கண்ணாடி இல்லாமலா போய்விடும்? நாளை கடைக்குப் போகிறேன். மலையே, தயாராயிரு.

ஜனவரி 10, சனி

முதலில் என் மூக்குக்கண்ணாடியைப் பற்றிச் சரித்திரத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். பவர் மைனஸ் ஒன்பது. கழற்றினால் உலகம் ஒரு சோறு வடித்த கஞ்சி. ஒருமுறை அது இல்லாமல் வீதிக்கு இறங்கி, பஸ் தரிப்பிடக் கம்பத்துக்கு வணக்கம் சொன்னேன். அது திருப்பிச் சொல்லாத கோபத்தில் ஒரு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

விளையாட்டுச் சாமான் கடையில் ஸ்கீக் கண்ணாடிகளுக்கென்று மட்டும் ஒரு மாகாணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை ஆட்சி செய்பவள் ஊசிக்கொண்டை போட்ட ஒரு பெண். உயரம் எப்படியும் பன்னிரண்டு அடி.

அவள் தந்த முதலாவதைப் போட்டேன். என் மூக்குக்கண்ணாடி மூக்கைவிட்டு மூளைக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாவது காதுப்பிடிகளைப் பொட்டிலே போட்டு அழுத்தியதில், மறந்துபோன பாலர் வகுப்புப் பாட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. மூன்றாவது அளவாக இருந்தது. ஆனால் இரண்டு முறை மூச்சு விட்டதும் கடையில் மூடுபனி இறங்கிவிட்டது.

"உங்கள் கண்ணாடிச் சட்டம் அகலம்" என்று ஜெர்மனில் சொன்னாள், அடிமட்டத்தை என் முகத்தில் வைத்தபடி. "கண்ணாடி போடுபவர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. உள்ளே ஆழம் கூட. பக்கத்துப் பஞ்சில் காதுப்பிடிக்கு இடம் வெட்டியிருக்கும். இப்போது கைவசம் இல்லை. கொண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தீர்களா?"

"என் கண்ணுக்குள் இதுவரை யாரும் கை வைத்ததில்லை" என்றேன்.

"ஒன்றும் செய்யாது" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

செய்தது.

ஜனவரி 14, புதன்

நேற்று எழுதும் நிலையில் இல்லை. லென்ஸ் போடப் போனேன்; கண்ணாடிக் கடைக்காரர் பொறுமைசாலி. லென்ஸை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் கதிரையோடு பின்னால் போனேன். அவர் வர, நான் போக, இப்படியே பிரான்ஸ் எல்லைவரை போயிருப்போம், இடையில் சுவர் வந்திராவிட்டால். என் இமைகள் ஊரடங்குச் சட்டம் போட்ட ஊர்க் கடைகள்போல இழுத்து மூடிக்கொண்டன. கடைசியில் அந்த லென்ஸ் என் மீசையில் கண்டெடுக்கப்பட்டது.

"எல்லோருக்கும் இது சரிவராது" என்றார் அவர், தன் நெற்றியைத் துடைத்து. பிறகு வேறு வழி சொன்னார்: ஸ்கீக் கண்ணாடிக்கு உள்ளே கொளுவும் சிறு சட்டம். அதில் என் பவருக்கே லென்ஸ் வெட்டிப் போடலாம், மூக்குக்கண்ணாடியே தேவையில்லை. கேட்க அழகாக இருந்தது. ஆனால் மைனஸ் ஒன்பதுக்கு வெட்டினால் ஓரம் போத்தல் அடிபோலத் தடித்து இமைமயிரோடு உரசுமாம். செய்துவர ஐந்து கிழமையும் ஆகும். மலை அதுவரை எனக்காகக் காத்திருக்கும், குடும்பம் காத்திராது.

ஜனவரி 17, சனி

முகத்தை மூடும் கண்ணாடி பூட்டிய தலைக்கவசமும் போட்டுப் பார்த்தேன். அதற்குள் மூக்குக்கண்ணாடி மட்டுமல்ல, ஒரு சிறிய குடும்பமே குடியிருக்கலாம். ஆனால் கீழே நாடிப்பக்கம் திறப்பு, வேகமாகப் போனால் காற்று ஏறும். கடையில் நின்ற ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சந்திரனுக்குப் போகிறீர்களா என்று கேட்டது. அங்கே இரண்டுமுறை போயாயிற்று என்று சொல்லிவைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கிடைத்துவிட்டது! ஊசிக்கொண்டைப் பெண் எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். ஆழமான சட்டம், காதுப்பிடிக்குப் பள்ளம், இரண்டு அடுக்குக் கண்ணாடி, நடுவில் காற்று, மேலேயும் கீழேயும் துளைகள். நிறம் செம்மஞ்சள். மேகமூட்டத்தில் பனியின் மேடு பள்ளம் தெரியும், வெயிலிலும் கண் கூசாது. போட்டு அரை மணித்தியாலம் கடைக்குள் நடந்தேன். மூக்கில் அழுத்தவில்லை, பொட்டில் அழுத்தவில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், சிரித்தேன். மூக்குக்கண்ணாடி அசையவில்லை.

அவள் இரண்டு கட்டளைகள் தந்தாள். ஒன்று, உள்பக்கத்தை எக்காரணம் கொண்டும் துடைக்கக்கூடாது. ஆவி பிடிக்காத பூச்சு அங்கேதான் இருக்கிறது, துடைத்தால் போய்விடும். இரண்டாவது, நிற்கக்கூடாது.

"நிற்கக்கூடாது என்றால்?"

"ஓடிக்கொண்டிருக்கும் வரை காற்று உள்ளே போய்வரும், ஆவி பிடிக்காது. நின்ற இடத்தில் நின்றால் எந்தக் கண்ணாடியும் பிடிக்கும்."

"நான் நிற்கப் போவதில்லை" என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

விஞ்ஞானப் பரிசோதனை. நான் சமையல்காரனாக வேலை செய்யும் உணவகத்தின் குளிர் அறையில், மூக்குக்கண்ணாடி, அதன்மேல் ஸ்கீக் கண்ணாடி, கையில் இரண்டு நீள அகப்பைகள் சகிதம் கால் மணித்தியாலம் சாய்ந்து நின்றேன். முழங்கால் மடித்து இடம் வலம் திரும்பிப் பழகினேன். முதலாளி கதவைத் திறந்தார்.

"பரா, என்ன செய்கிறாய்?"

"ஆல்ப்ஸ் ஏறுகிறேன்."

"இறங்கும்போது உருளைக்கிழங்கு மூட்டையையும் எடுத்துக்கொண்டு வா" என்று கதவைச் சாத்தினார்.

பரிசோதனை முடிவு: ஆவி இல்லை. ஒரு துளி இல்லை. வருட விடுமுறையில் ஒரு கிழமை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

ஆரணிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, உன்ர வாக்கை நிறைவேத்துற காலம் வந்திட்டுது."

"என்ன வாக்கு மாமா?"

"எனக்கு ஸ்கீ பழக்குறன் எண்டு சொன்னியே. ஏழு வயசிலை. என்ர மடியிலை இருந்து."

"ஐயோ மாமா, அது..." சிரித்தாள். "உங்களுக்குக் கண்ணாடியெல்லோ?"

நான் வாங்கியதன் முழு வரலாற்றையும் சொன்னேன். இரண்டு அடுக்கு, துளைகள், செம்மஞ்சள். அந்தப் பக்கத்தில் ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டது. ரயில் ஏறிக்கொண்டிருந்தாளோ என்னவோ.

"சுப்பர் மாமா" என்றாள் பிறகு. "பாப்பம், என்ன?"

பாப்பம் என்றால் ஓம் என்று அர்த்தம். எனக்கு அவளைத் தெரியாதா!

பெப்ரவரி 2, திங்கள்

கௌரியின் புருஷன் ஆனந்தன் போன்.

"மச்சான், வரேக்கை உங்கட பெரிய சட்டியைக் கொண்டு வாங்கோ. ரெண்டையும். இடியப்ப உரலும் தட்டும் மறந்திடாதையுங்கோ. அங்கத்தைக் குசினியிலை ஒண்டும் இராது."

மலைக்குப் போக இடியப்ப உரல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சரிவில் வேகம் மிஞ்சினால் நங்கூரம் போட உதவும்போல.

பெப்ரவரி 7, சனி

வந்து சேர்ந்தோம். ஊரின் பெயரை எழுதமாட்டேன், என் ரசிகர்கள் படையெடுத்து வருவார்கள். காரில் ஸ்கீக் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கால் வைக்கும் இடத்தில் வெங்காயச் சாக்கு. ஆனபடியால் முழங்கால் நாடியில் முட்ட, தவம் செய்யும் முனிவர் கோலத்தில் மூன்று மணித்தியாலப் பயணம்.

வீடு மரவீடு. கௌரி என் கையைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் என்னை முதலில் கூட்டிப்போய்க் காட்டினாள். குசினியை.

"எப்பிடி அண்ணா? நாலு அடுப்பு. யன்னல் வேற இருக்கு."

யன்னலால் மலை முழுக்கத் தெரிகிறது. உண்மையாகவே வடிவு.

லூக்காஸ் நல்ல பெடியன், கட்டிப்பிடித்தான். தாய் ரெகுலா அறுபது வயது மதிக்கலாம், குதிரைபோல் திடமான மனுசி, அவவும் கண்ணாடி போட்டிருக்கிறா. பின்னேரம் மேசையில் ஆனந்தன் மலைக்கு ஏற்றும் லிப்ட் அட்டைகளைச் சீட்டுக்கட்டுப்போல் பிரித்துப் போட்டான். கௌரிக்கு ஒன்று, ஆரணிக்கு ஒன்று, லூக்காசுக்கு, தாய்க்கு, தனக்கு. கட்டு முடிந்தது. நான் கையை மேசையில் வைத்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

புதிதாகப் பழகுபவனுக்குக் கீழே இருக்கும் குழந்தைகள் சரிவுக்கு அட்டை தேவையில்லை என்று கேள்வி. அதுதான் காரணமாக இருக்கும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

உத்தியோகபூர்வ வரலாறு: இன்று காலை நான் சிகரத்தில் இருந்து மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினேன். வழியில் ஒரு நரி நின்று தன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தது. ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளர் ஒருவர் என் முன்னால் மண்டியிட்டு அழுதார். போகட்டும், எழும்புங்கள் என்றேன்.

மற்ற வரலாறு: சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கோழி. மத்தியானம் சாப்பிட வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். முதல்நாள்தானே, எல்லோரும் களைத்திருப்பார்கள், பசியோடு விடலாமா? ஸ்கீக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்று பார்த்தேன். செம்மஞ்சளில் மேடு பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. ஆரணியின் நீலச் சட்டை ஒரு புள்ளியாக இறங்கியது. அழகாகத் திரும்புகிறாள்.

பெப்ரவரி 9, திங்கள்

இன்று விடியவே எழும்பி, இரண்டு நீளக் காற்சட்டை, மூன்று மேற்சட்டை, கையுறை, தலைக்கவசம், கண்ணாடி, கண்ணாடிமேல் கண்ணாடி எல்லாம் அணிந்து, போருக்குப் போகும் சக்கரவர்த்தியாய் வாசலில் நின்றேன். கௌரி சப்பாத்துப் பூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, உதென்ன கோலம்?"

"ஓடப்போறன்."

"பகிடி விடாதையுங்கோ. கண்ணாடியோட உங்களுக்கு ஏலாது."

"அதுக்குத்தானே இது. கண்ணாடிக்கு மேலை போடுறது. பார், முட்டாது, ஆவி பிடிக்காது." தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினேன்.

அவள் உண்மையாகவே பார்த்தாள். பக்கத்துப் பள்ளத்தை விரலால் தொட்டும் பார்த்தாள். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று தேடினாற்போல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப ஆர் அண்ணா சமைக்கிறது?"

நியாயமான கேள்வி. ஸ்கீக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினேன்.

"இந்த ஒருக்காத்தான். அந்த மனுசி எங்கட சாப்பாடு எண்டா உயிரை விடுது. நான் ரெண்டு மாரியா விழுந்து விழுந்து பழகினது, அவைக்கு முன்னாலை நாங்களும் ஓடுவம் எண்டு காட்டத்தான். மானம் போகக்கூடாது அண்ணா. நீங்கள் இருக்கிறீங்கள் எண்ட தைரியத்திலைதானே எல்லாரையும் கூப்பிட்டனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சனத்திடம் அழைப்பு இரண்டு வகை. விருந்தாளிக்குக் கார்ட் வரும்: பெயர், திகதி, நேரம், தங்க எழுத்து. சட்டி தூக்கத் தெரிந்தவனுக்குப் போன் வரும்: நீங்கள் இல்லாமல் எப்படி. சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் எனக்குப் போன்தான் வந்திருக்கிறது. இவ்வளவு காலமும் சமையல் செய்து வாழ்கிறவனுக்கு, இதன் மணம் ஜனவரி ஒன்பதாம் திகதியே பிடித்திருக்க வேண்டாமா?

உடுப்புகளைக் கழற்ற, போட்டதைவிட நெடுநேரம் ஆனது.

பெப்ரவரி 10, செவ்வாய்

இடியப்பம். சொதி. சம்பல்.

பெப்ரவரி 11, புதன்

காலையில் ஆரணி குசினிக்கு வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று, பொரித்த மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்தாள். சின்ன வயதில் செய்வது அப்படியே.

"மாமா, ஒரு உதவி."

என் இதயம் எழும்பிச் சல்யூட் அடித்தது.

"லூக்காசின்ர அம்மா கண்ணாடியெல்லோ. அவவின்ர ஸ்கீக் கண்ணாடி ஒரே ஆவி பிடிக்குதாம். நேற்று ஒண்டும் தெரியாமல் ஒரு மரத்தோட போய் முட்டப் பாத்தவ. உங்கட ஒண்டு சும்மாதானே கிடக்கு..."

"ஓம், சும்மாதான் கிடக்கு" என்றேன்.

நானே ரெகுலாவுக்குப் போட்டுவிட்டேன். அவவின் மூக்குக்கண்ணாடியின் காதுப்பிடியைப் பள்ளத்தில் இருத்தி, பட்டியைத் தலைக்கவசத்தின்மேல் இழுத்து, இடைவெளி இல்லாமல் சரிபார்த்தேன். உள்பக்கத்தைத் துடைக்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று இரண்டு கட்டளைகளையும் சொன்னேன். நன்றி நன்றி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினா. என் கை முழுக்க மஞ்சள்.

பிறகு யன்னலடியில் நின்றேன். என் ஸ்கீக் கண்ணாடி லிப்டில் ஏறி உச்சிக்குப் போனது. பக்கத்தில் நீலச் சட்டை. இரண்டும் ஒன்றாக இறங்கின. என் கண்ணாடி நன்றாக ஓடுகிறது, ஒருமுறைகூட விழவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

இரவுச் சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் ஜெர்மனில். ரெகுலா கணவாய் மீன் கறியை மூன்றாம் முறை போட்டுக்கொண்டு அறிவித்தா: "முப்பது வருடமாக ஓடுகிறேன், நேற்றுத்தான் முதல்முறை எல்லாம் தெரிந்தது. இந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தவர் மேதை."

நான் எழும்பி நின்று, கரண்டியை நெஞ்சில் வைத்து வணங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆனால் எனக்கு விளங்கவில்லை" என்றா ரெகுலா. "இவ்வளவு நல்லது வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் ஏன் ஓடுவதில்லை?"

வாய் நிறையப் பதில் வைத்திருந்தேன். நரியைச் சொல்லலாம், பயிற்சியாளரைச் சொல்லலாம். ஒலிம்பிக்காரர் எனக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். கௌரி முந்திக்கொண்டாள்.

"அண்ணாவுக்கு ஏலாது. அவர் கண்ணாடி போட்டிருக்கிறார்."

இருபது வருடமாகச் சொன்ன வாய். அது தன்பாட்டில் சொல்லிவிட்டது.

ரெகுலா கரண்டியைக் கீழே வைத்தா. கை மெதுவாக மேலே போய்த் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது, இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. லூக்காஸ் தண்ணீர் குடித்தான். ஆனந்தன் பாத்திரத்துக்குள் இல்லாத கணவாயைத் தேடினான். கௌரியின் முகம் சிவந்து வந்தது.

நான் ஆரணியைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு வசனம் போதும். நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன் என்று ஒரு வசனம். அவள் சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்த கறிவேப்பிலையை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. இவ்வளவு கறிவேப்பிலை போட்டேனா?

"சோறு இன்னும் இருக்கு" என்று எழும்பினேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

கடைசி நாள். இரவுக்கு ஆட்டிறைச்சி, பிரியாணி, கட்லட். பின்னேரம் இறைச்சி அரைவாசி வெந்துகொண்டிருக்கும்போது ஆரணி ஓடி வந்தாள், கன்னமெல்லாம் குளிரில் சிவப்பு.

"மாமா, இப்ப வாறீங்களோ? அந்தக் குழந்தைகள் ஓடுற இடம். ஒரே ஒருக்கா."

"இப்பவோ? எத்தினை மணிக்குப் பூட்டுவாங்கள்?"

"இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. சப்பாத்து வாடகைக்கு எடுக்கோணும்... ஆனா கெதியா எடுக்கலாம்."

சட்டியைப் பார்த்தேன். நெருப்பைக் குறைத்தால் அரை மணித்தியாலம் தாங்கும். ஒரு அடுப்பை நிறுத்தினேன். ஏப்ரனின் முடிச்சில் கை வைத்தேன். அந்த முடிச்சை நான் தினமும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பவன். இன்று பார்த்து இறுகிப்போயிருந்தது.

"கண்ணாடி எங்கை பிள்ளை?"

"ஐயோ, லூக்காசின்ர அம்மா போட்டிருக்கிறா."

வெளியே இருந்து கௌரியின் குரல்: "ஆரணி! அவ வாசல்லை காத்துக்கொண்டு நிக்கிறா. எல்லாரும் சேர்ந்து கடைசி ஓட்டமாம். வா பிள்ளை!"

ஆரணி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நல்ல பிள்ளை. அவளுடைய கண் கொஞ்சம் கலங்கினதும் உண்மை.

"அடுத்த வருசம் மாமா. கட்டாயம்."

"ஓம் பிள்ளை. நான் எங்கை போகப்போறன்?"

அவள் போன பிறகு அடுப்பைத் திரும்ப மூட்டினேன்.

கொஞ்சநேரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ரெகுலா குளித்துவிட்டு வந்து என் ஸ்கீக் கண்ணாடியைத் திருப்பித் தந்தா. சவர்க்காரம் போட்டுக் கழுவி, உள்ளும் புறமும் கடதாசியால் நன்றாகத் துடைத்து. உள்பக்கத்தில் மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாய். நல்ல மனுசி, துப்புரவானவ.

அதன்பிறகு வெங்காயம் வெட்டினேன்.

பெப்ரவரி 14, சனி

காரில் திரும்பி வந்தோம். சாக்கு வெறுமையாகிவிட்டதால் காலை நீட்டக்கூடியதாக இருந்தது. இடையில் கௌரி முன் ஆசனத்தில் இருந்து திரும்பினாள்.

"அண்ணா, ஆவணியிலை கலியாணம். இப்பவே லீவு கேட்டு வையுங்கோ. முந்நூறு பேர் வரும். நீங்கள் இல்லாமல் எப்பிடி?"

"கார்ட் அடிச்சாச்சோ?" என்று கேட்டேன்.

"அடுத்த கிழமை வருது. தங்க எழுத்து. வடிவா இருக்கும்."

"எனக்கும் ஒண்டு அனுப்பு."

ஆனந்தன் காரின் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். கௌரியும் சிரித்தாள். "உங்களுக்கென்னத்துக்கு அண்ணா கார்ட்? நீங்கள் வீட்டு ஆளெல்லோ!"

ஆரணி காதில் பாட்டுப் பூட்டியிருந்தாள். கேட்டதோ தெரியவில்லை.

நானும் சிரித்தேன். பனிமலை இடிந்து விழுமளவு சிரித்தேன் என்று எழுத வந்தேன். வேண்டாம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. உரலை எண்ணெய் பூசி வைத்தாயிற்று. நாளைக்கு வேலை. ஊசிக்கொண்டைப் பெண்ணிடம் போய் உள்பக்கத்துக்கு மட்டும் புதுக்கண்ணாடி கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் மலை எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள். போகவில்லை.

இந்தக் கொப்பியை மூடுமுன் சரித்திரத்துக்கு ஒரு திருத்தம். நரி பொய். தொப்பியும் பொய். பயிற்சியாளர் அழுதது பொய். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் முழுப்பொய். நான் அந்தக் கிழமை எடுத்த ஆகக்கூடிய வேகம், பால் பொங்கியபோது அடுப்புக்கு ஓடியது. இந்தக் கொப்பியை யாரும் நம்பப்போவதில்லை என்று முதலே சொன்னேன். சொன்னபடியே நடந்துகொண்டேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மெய். வெள்ளிக்கிழமை பின்னேரம், மற்றவர்கள் கூடத்தில் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அந்த ஸ்கீக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வெங்காயம் வெட்டினேன். பட்டியை இழுத்து இறுக்கி, பஞ்சு முகத்தோடு ஒட்ட, ஊசி நுழையவும் இடைவெளி இல்லாமல். நல்ல சாமான். பெரிய குவியல் வெட்டி முடித்தேன், வெங்காயக் காரம் ஒரு துளி கண்ணில் படவில்லை.

ஆனாலும் உள்ளே ஆவி பிடித்தது. ரெகுலா பூச்சைத் துடைத்துவிட்டாவல்லவா, அதனால் இருக்கும். இல்லாவிட்டால், நின்ற இடத்தில் நின்றால் பிடிக்கும் என்று கடைக்காரப் பெண் முதலே சொன்னவள்.